நேட்டால் கப்பல் பட்டியலைத் தட்டச்சு செய்கிறீர்களா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரை டர்பனில் இறக்கியது. அதில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலுக்குப் போன இந்தியர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு காலனி எண் கொடுத்தார்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் என்று ஒரு வரி இருக்கும். பலருக்கு, ஊரைவிட்டுப் போனார்கள் என்பதற்கு இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சி அந்த ஒரு வரிதான்.

அந்தப் பக்கங்களின் ஸ்கேன் படத்தைப் பார்த்து, தேடக்கூடிய அட்டவணையாகத் தட்டச்சு செய்யும் தன்னார்வலர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலையைத் தொடங்கிவிட்டீர்கள், ஏதோ இடிக்கிறது, எங்கே தப்பு என்று தெரியவில்லை. அந்த நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் உட்கார்ந்து எழுதிய குமாஸ்தா தன் காதில் விழுந்த தமிழையும் தெலுங்கையும் ஆங்கில எழுத்தில் பிடித்து வைத்தார். அந்த எழுத்துக்குள் இருக்கும் தமிழைத் திரும்பக் கேட்க, தமிழ் தெரிந்தவரால்தான் முடியும். ஆனால் நான் சரிபார்க்கும் பக்கங்களில் அதிகமாக வரும் பிழையும் தமிழ் தெரிந்தவர்கள் செய்வதுதான். பெயரைத் திருத்திவிடுகிறார்கள். படிக்கும்போது காது வேண்டும். தட்டச்சு செய்யும்போது கண் மட்டும் போதும். கீழே வரும் பாதிப் பிழைகளுக்குக் காரணம் இந்த இரண்டையும் கலப்பதுதான்.

எண் தாவுகிறது, அல்லது ஒரே எண் இரண்டு பேருக்கு வருகிறது

வேறு எதையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ இருக்கும் கொள்ளுப் பேத்தியின் கையில் பெரும்பாலும் ஒரு பழைய திருமணப் பதிவோ இறப்புப் பதிவோதான் இருக்கும். அதில் இருக்கும் காலனி எண்ணை வைத்துத்தான் அவர் தேடுவார். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் கண்டுபிடித்துவிடலாம். எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் வேறொருவருடைய தாத்தா வந்து நிற்பார்.

சோதனை எளிது. பக்கத்தின் கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து ஒன்றைக் கூட்டுங்கள். 45,210இல் தொடங்கி 45,241இல் முடிந்தால் 32 வரிகள் இருக்க வேண்டும். 31 இருந்தால் நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டீர்கள். 33 இருந்தால் ஒரு வரியை இருமுறை அடித்துவிட்டீர்கள். வரிகள் சரியாக இருந்தும் எண் தாவினால், 1-ஐ 7 என்றும், 4-ஐ 9 என்றும், 3-ஐ 8 என்றும் படித்திருப்பீர்கள். மேல் வரி, கீழ் வரி எண்களைப் பார்த்தாலே சரியானது தெரிந்துவிடும்.

குறுக்கே கோடு போட்டு அடித்த வரிகளைச் சிலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள். அடிக்கப்பட்டவரும் ஒரு மனிதர். வரியைத் தட்டச்சு செய்து, குறிப்புக் கட்டத்தில் ‘அடிக்கப்பட்டது’ என்று போடுங்கள். பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேருங்கள்.

பிஜித் தீவுக்குப் போன கூலிகளுக்கு ஆளுக்கொன்றாக எழுதிய சீட்டுகளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் டிப்போ (கப்பல் ஏறும் முன் தங்கவைத்த முகாம்) எண் ஒன்று, கப்பல் எண் ஒன்று என இரண்டு இருக்கும். உங்கள் எண் வரிசை ஒழுங்கில்லாமல் குதித்தால் இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

பத்துப் பேருக்கும் தகப்பன் பெயர் ‘டோ’ என்று வருகிறது

‘டோ’ என்று யாருக்கும் பெயரில்லை. டி, ஓ என்ற இரண்டு எழுத்தும் ‘மேலே உள்ளதே’ என்பதற்கு அந்தக் காலக் குமாஸ்தாக்கள் போட்ட சுருக்கம். மேல் வரியில் இருப்பதை எடுத்து இந்த வரியில் முழுதாகத் தட்டச்சு செய்ய வேண்டும். பக்கத்தின் முதல் வரியிலேயே இந்தச் சுருக்கம் வந்தால் முந்தைய பக்கத்தின் கடைசி வரியைத் திறந்து பார்க்க வேண்டியதுதான், வேறு வழியில்லை. மேல் வரி அடிக்கப்பட்டிருந்தாலும் அது அந்த வரியைத்தான் குறிக்கும்.

டி-க்கும் ஓ-வுக்கும் நடுவில் ஒரு சாய்கோடு இருந்தால் கதை வேறு. அது ‘இன்னாருடைய மகள்’. மங்கலான படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பால் நெடுவரிசையையும் வயதையும் சேர்த்துப் பாருங்கள்: நாற்பது வயது ஆணுக்கு நேராக இருந்தால் அது மகள் அல்ல.

கையெழுத்து புரியவே இல்லை

இங்கேதான் நிறையப் பேர் வேலையை விட்டுவிட்டுப் போகிறார்கள். விட வேண்டாம். பெயர் நெடுவரிசையில் தொடங்கியதுதான் தப்பு. ஜில்லா நெடுவரிசையில் தொடங்குங்கள்.

காரணம் இதுதான். பெயர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம், ஜில்லா அப்படி இல்லை. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர், அப்புறம் நெல்லூர், கடப்பா, கோதாவரி, விசாகப்பட்டினம், கஞ்சம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் ‘டாஞ்சோர்’ என்றும், திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ என்றும், செங்கல்பட்டு ‘சிங்கிள்புட்’ என்றும் இருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்பது தெரிந்துவிட்டதால், அந்தக் குமாஸ்தா ஒவ்வொரு எழுத்தையும் எப்படிப் போடுவார் என்பதும் தெரிந்துவிடுகிறது. ‘டின்னவெல்லி’ பெரிய டி, வி, இரட்டை எல், ஒய் ஆகியவற்றைக் கொடுத்துவிடும். விசாகப்பட்டினம் இசட், ஜி, பி மூன்றையும் காட்டிக்கொடுக்கும். பெரிய கே வேண்டுமென்றால் தாலுகா நெடுவரிசையில் கும்பகோணத்தையோ கள்ளக்குறிச்சியையோ தேடுங்கள். அரை மணி நேரத்தில் அந்தக் கையின் அரிச்சுவடி உங்கள் தாளில் இருக்கும். அதற்குப் பிறகு பெயருக்குப் போங்கள். அடுத்த கப்பலில் கை மாறினால் புதிய தாள்.

அப்படியும் சில இடங்கள் மாட்டும். எம், என், யு, வி, புள்ளி வைக்காத ஐ எல்லாம் அந்தக் கையெழுத்தில் நின்றுகொண்டிருக்கும் சிறு கோடுகள்தான். முனியன் என்ற பெயரில் முதல் நான்கு எழுத்துகளும் அப்படித்தான்: எம்முக்கு மூன்று, யுவுக்கு இரண்டு, என்னுக்கு இரண்டு, ஐக்கு ஒன்று, மொத்தம் எட்டுக் கோடு. இதை ‘மின்னுயன்’ என்றும் ‘வின்னியன்’ என்றும் அடித்து நான் பார்த்திருக்கிறேன். கோடுகளை எண்ணுங்கள். எட்டு இருந்து, முனியன் அதில் சரியாகப் பொருந்தினால், அது முனியன்தான்.

ஆரம்ப காலப் பட்டியல்களில் இரட்டை எஸ் வரும் இடத்தில் முதல் எஸ்ஸை நீட்டி எழுதுவார்கள். பார்க்க எஃப் போலவோ பி போலவோ இருக்கும். மாசிலாமணி ‘மாப்பிலாமணி’ ஆவது இப்படித்தான். பெரிய கே-யும் ஆர்-உம் இன்னொரு தொல்லை. ‘ருப்பன்’ என்று நம்மில் யாரும் பெயர் வைப்பதில்லை, அது குப்பன்.

‘இது மட்டும் திருத்தம் இல்லையா’ என்று கேட்பீர்கள். இல்லை. தாளில் இருக்கும் கோடு இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுத்தால், எது சரி என்று தமிழ்க் காது தீர்ப்புச் சொல்லலாம். அது படிப்பதில் சேர்ந்தது. கோடு தெளிவாக இருக்கும்போது, அது நமக்குப் பிடிக்காத எழுத்துக்கூட்டலாக இருந்தாலும், காதுக்கு அங்கே வேலை இல்லை.

படமே மங்கலாக இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டுங்கள், கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். மிகப் பெரிதாக்கினால் எழுத்து உடைந்துவிடும். கொஞ்சம் சிறிதாக்கினால் சொல்லின் உருவம் தெரியும். அப்போதும் தெரியவில்லையென்றால் உங்கள் திட்டம் சொல்லும் ‘படிக்க இயலவில்லை’ குறியைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். ஊகித்து நிரப்பிய ஒரு பெயர், வெற்றுக் கட்டத்தைவிடக் கெடுதல். வெற்றுக் கட்டத்தை இன்னொருவர் திரும்பப் பார்ப்பார். நிரப்பிய கட்டத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஒரே வரியை இருவர் தட்டச்சு செய்தோம், பெயர் ஒத்துப்போகவில்லை

யாராவது ஒருவர் திருத்தியிருக்கிறார். முனுசாமி என்பதற்குக் குமாஸ்தா இரட்டை ஓ போட்டு, நடுவில் ஓர் ஈ போட்டு, ‘சாமி’யில் ஒரு டபிள்யு சேர்த்திருப்பார். இன்று நாம் எழுதும் விதத்தில் ஒருவர் சுருக்கி அடித்திருப்பார். படத்தில் இருப்பதே சரி.

நேட்டாலில் இறங்கியபோது வெள்ளைக்கார அதிகாரி பெயரைக் கெடுத்துவிட்டார், அதை நாம் சரிசெய்கிறோம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. பெயர் எழுதப்பட்டது சென்னையில், கப்பல் கிளம்புவதற்கு முன்பு. அமெரிக்காவில் குடியேற வந்தவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவைப் பற்றியும் இதே நம்பிக்கை உண்டு. அங்கேயும் பட்டியலை எழுதியது புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் கம்பெனி. தீவில் இருந்த அதிகாரிகள் அதை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். ஆக, இந்த எழுத்துக்கூட்டலில் இருப்பது அன்றைய சென்னையின் ஒலி. ஏழுமலை, ஏகாம்பரம் போன்ற பெயர்களை ஒய் எழுத்தில் தொடங்கியிருப்பதைப் பார்க்கலாம். பேச்சில் நாம் ‘யேழுமலை’ என்றுதானே சொல்கிறோம்? குமாஸ்தா கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறார். அந்த ஒய்யைத் தூக்கிவிட்டு ஈ போட்டால், அந்த மனிதர் தன் பெயரைச் சொன்ன குரலை அழித்துவிடுகிறோம். தென்னாப்பிரிக்காவில் இன்றும் ஏகாம்பரத்தை ஒய்யில் தொடங்கி எழுதும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் தேடுவதும் அப்படித்தான்.

எதிர்ப்பக்கத் தப்பும் நடக்கிறது. கோவெண்டர், மூட்லி, பிள்ளே என்று இன்று அங்கே நிலைத்திருக்கும் குடும்பப் பெயர்களைத் தெரிந்தவர்கள், 1880களின் வரியில் அதைச் சேர்த்துவிடுகிறார்கள். வரியில் இல்லாததைச் சேர்க்காதீர்கள்.

தாய்க்கு வயது 18, பிள்ளைக்கு 8

எட்டு மாதமாக இருக்கும். எண்ணுக்குப் பின்னால் எம்-ஓ-எஸ் என்ற சிறிய சுருக்கம் அடுத்த கட்டத்தின் கோட்டில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தப்பிவிடும். கைக்குழந்தைகள் இருக்கும் எல்லா வரியையும் இன்னொருமுறை பாருங்கள்.

பெரியவர்கள் வயது 20, 25, 30 என்று குவிந்திருந்தால் அது உங்கள் பிழை அல்ல. பிறந்த தேதி யாரிடமும் எழுத்தில் இல்லை. ஆளைப் பார்த்து மதிப்பிட்ட வயது அது. அதைக் கழித்துப் பிறந்த ஆண்டு என்று ஒன்றைக் கணக்குப் போட்டுத் தராதீர்கள்.

பெயர் பெண்பெயர், பால் ஆண் என்று வருகிறது

மென்பொருளில் முன்பே தேர்வாகி இருக்கும் மதிப்பை மாற்ற மறந்திருக்கலாம். அல்லது பெயரைப் பார்த்து ஏமாந்திருக்கலாம். அம்மாசி என்பது ஆண்பெயர், அமாவாசையில் பிறந்தவன். ‘அம்மா’ என்று தொடங்குவதால் பெண் என்று மாற்றியவர்கள் உண்டு. படத்தில் என்ன இருக்கிறதோ அது.

சாதி நெடுவரிசையில் ஊர்ப் பெயர் வருகிறது

‘மலபார்’ என்று இருக்கும். உடனே இது இடம் மாறிவிட்டது என்று நினைத்து ஜில்லாவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். தொடக்க காலப் பட்டியல்களில் ‘மலபார்’ என்றால் தமிழர், ‘ஜெண்டூ’ என்றால் தெலுங்கர். ஐரோப்பியர்கள் அப்படித்தான் குறித்தார்கள். ட்ரூரோவின் பட்டியலிலேயே இந்த இரண்டும் வரும். ஆகவே மலபார் என்று எழுதிய ஆள் கேரளத்துக்காரர் என்று முடிவுகட்ட முடியாது. அவருடைய ஜில்லா என்ன என்று தனியாகப் பாருங்கள்.

இதே நெடுவரிசையில் இன்று நாம் வாயால் சொல்லக் கூசும் சொற்களும் வரும். அவற்றை மென்மையாக்கவோ வேறு சொல்லாக மாற்றவோ கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு மனிதரை அரசாங்கம் என்ன பெயரிட்டு எழுதியது என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரிய வேண்டிய உண்மை. தட்டச்சு செய்யும் கட்டத்தோடு அது நிற்கட்டும். குழுவின் பேச்சில் எடுத்துப் போட்டு விவாதிக்க வேண்டாம்.

கிராமம் வரைபடத்தில் இல்லை

இன்றைய வரைபடத்தில் தேடினால் இருக்காது. ஜில்லா எல்லைகள் பலமுறை மாறிவிட்டன. சித்தூர் 1911 வரை வட ஆர்க்காட்டில் இருந்தது. திருவண்ணாமலை அன்று தென் ஆர்க்காடு. இராமநாதபுரம் தனி ஜில்லா ஆனது 1910இல்தான், அதற்கு முன் மதுரையோடு சேர்ந்தது. தருமபுரி சேலத்துக்குள் இருந்தது. கஞ்சம் 1936 முதல் ஒடிசாவில் இருக்கிறது. ஆகவே ‘தென் ஆர்க்காடு, திருவண்ணாமலை’ என்று படத்தில் இருந்தால் அதை அப்படியே விடுங்கள். வட ஆர்க்காடு என்று ‘சரிசெய்த’ பக்கங்களைத் திரும்பச் சரிசெய்ய எங்களுக்கு ஒரு மாதம் ஆனது.

தாலுகாவும் கிராமமும் இடம் மாறி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு, புதூர், புதுப்பாளையம் போன்ற பெயர்கள் ஜில்லாவுக்குப் பத்து இருக்கும். எந்தப் புதூர் என்று கண்டுபிடிப்பது குடும்பத்தின் வேலை, நம் வேலை அல்ல.

ஆண்டு 1869 என்று வருகிறது

தப்பு. 1866இல் நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றுபோய், 1874இல்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டு எது வந்தாலும் இலக்கத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். 1911க்குப் பின்னால் போனாலும் அப்படித்தான். பிஜியில் 1879 முதல் 1916 வரை. சென்னையிலிருந்து பிஜிக்குக் கப்பல் போனது 1903 முதல் மட்டும்.

ஆண்டு சரியாக இருந்தும் ஒரே கப்பலில் இருவேறு தேதி வந்தால் பயண எண்ணைப் பாருங்கள். உம்லாசி, உம்சிண்டோ, பொங்கோலா போன்ற கப்பல்கள் திரும்பத் திரும்ப வந்தவை. தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற ஆங்கிலேய முறையில் படியுங்கள். சில மென்பொருள்கள் மாதத்தை முன்னால் கேட்கும்.

உயரம் எழுதிய கட்டத்தில் தேதி வந்துவிட்டது

பிஜி சீட்டில் உயரம் அடி, அங்குலத்தில் இருக்கும். 5-4 என்று தட்டினால் எக்செல் அதை ஏப்ரல் 5 என்றோ மே 4 என்றோ மாற்றிவிடும். தட்டச்சு செய்யத் தொடங்குவதற்கு முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள். மாறிய பிறகு டெக்ஸ்ட் ஆக்கினால் சம்பந்தமில்லாத ஓர் ஐந்திலக்க எண் வந்து நிற்கும். படத்தைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்திவிட்டால், பெயர்கள் நகரும், எண்கள் அங்கேயே நிற்கும். ஒவ்வொருவருக்கும் வேறொருவரின் தகப்பனும் ஊரும் ஒட்டிக்கொள்ளும். பார்க்க எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியும். எனக்கு இது நடந்து, இரண்டு கப்பல்களின் வரிகளை முதலிலிருந்து தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் தேதி போட்டு ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

அட்டவணை முடிந்தது, தேடினால் ஆள் இல்லை என்கிறார்கள்

குடும்பப் பெயரை வைத்துத் தேடியிருப்பார்கள். பட்டியலில் இருப்பது ஒற்றைப் பெயரும் தகப்பன் பெயரும்தான். தகப்பன் பெயர், கிராமம், கப்பல் என்று வேறு வாசல்களில் நுழையச் சொல்லுங்கள். பெயரின் முதல் மூன்று எழுத்தை மட்டும் போட்டுத் தேடுவதும் பலன் தரும்.

அப்படியும் இல்லையென்றால், அந்த முன்னோர் கூலியாகவே வராமல் இருந்திருக்கலாம். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்த வணிகர்களும் மற்றவர்களும் ‘பயணி இந்தியர்’ என்று அழைக்கப்பட்டவர்கள். இந்தப் பட்டியல்களில் அவர்கள் வர மாட்டார்கள், அவர்களுக்குக் காலனி எண்ணும் கிடையாது. கல்கத்தாவில் ஏறியவர்களுக்கு வேறு கப்பல்கள். முதல் கல்கத்தாக் கப்பலான பெல்விடெர், ட்ரூரோவுக்குப் பத்து நாள் கழித்து வந்து சேர்ந்தது.

ஒரே ஆள் இரண்டு கப்பலில் வருகிறார்

பெயர், தகப்பன் பெயர், கிராமம், அங்க அடையாளம் எல்லாம் ஒன்று; எண்ணும் ஆண்டும் வேறு. இதைப் பார்த்ததும் இரட்டைப் பதிவு என்று ஒன்றை நீக்கிவிடாதீர்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிய சிலர் மறுபடியும் கையெழுத்திட்டுக் கப்பல் ஏறியிருக்கிறார்கள். அப்போது புதிய எண் கிடைத்தது. இரண்டு வரியையும் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்புக் கட்டத்தில் ‘ஒப்பிடுக’ என்று போட்டு, மற்ற எண்ணை எழுதுங்கள். ஒரே ஆளா, ஒரே ஊர்க்காரர் இருவரா என்பதை நாம் முடிவு செய்ய வேண்டியதில்லை. இரண்டு எண்ணும் தெரிந்தால், தேடி வரும் குடும்பம் அதைப் பார்த்துக்கொள்ளும்.